இனிப்புநீர்: எறும்பிலிருந்து விரல்நுனி வரை



தோட்டத்து லயன் வீடுகளில் வாழ்ந்த நம் பெரியவர்களில் பலருக்கு மருத்துவ நூல் படிக்கும் வாய்ப்பு இல்லை. ஆனாலும் கொல்லைப்புறத்தில் ஒருவர் சிறுநீர் கழித்த இடத்தில் எறும்பு மொய்த்தால், அது என்ன நோய் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அதை இனிப்புநீர் என்றார்கள். மலாய்க்காரர்கள் ‘கெஞ்சிங் மானிஸ்’ என்கிறார்கள். அதற்கும் இனிப்பான சிறுநீர் என்பதே பொருள். நம் வைத்தியர்கள் நீரிழிவு என்றும் மதுமேகம் என்றும் வழங்கினார்கள். மது என்றால் தேன். கிரேக்கர்கள் வைத்த பெயர்தான் டயபடீஸ். குடித்த நீரெல்லாம் உடம்பில் தங்காமல் குழாய் வழியே ஓடுவதுபோல் ஓடிவிடுகிறது என்பது அந்தப் பெயரின் கருத்து.

இந்த நோயின் வரலாற்றைச் சற்று விரிவாகப் பார்ப்போம். இப்போது வரலாறு எதற்கு என்று சிலர் கேட்கலாம். காரணம் இருக்கிறது. காலில் பட்ட வெட்டுக்காயம் ஆறவில்லை என்று ஒருவர் அரசாங்கக் கிளினிக்குக்குப் போகிறார். இரத்தத்தைச் சோதித்து, சர்க்கரை 14 இருக்கிறது என்று சொல்லி அனுப்புகிறார்கள். வீடு வந்து சேர்வதற்குள் யோசனை சொல்ல ஊரே கூடிவிடுகிறது. “சோத்தை அடியோட நிறுத்திடுங்கண்ணே” என்கிறார் ஒருவர். “பாகற்காய்ச் சாறு குடிச்சா போதும், மாத்திரையெல்லாம் வேண்டாம்” என்கிறார் இன்னொருவர். “சிறுநீரிலே சத்தெல்லாம் போகுதே, நல்லா சாப்பிடணும்” என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி. “எனக்கு ஒண்ணும் செய்யலியே, எதுக்குப் பயப்படணும்?” என்று நோயாளியே சொல்வதும் உண்டு. இந்த யோசனைகளில் பெரும்பாலானவற்றை உலகம் ஏற்கெனவே செய்துபார்த்துவிட்டது. சிலவற்றுக்கு உயிரையே விலையாகக் கொடுத்திருக்கிறது. அந்தக் கணக்கை நாம் தெரிந்துவைத்துக்கொண்டால், அதே விலையை மறுபடி கொடுக்கவேண்டியதில்லை அல்லவா?

இந்தியாவின் பழைய மருத்துவ நூல்களான சரக சம்ஹிதையும் சுசுருத சம்ஹிதையும் இந்நோயை நன்றாகவே அறிந்திருந்தன. சிறுநீர் தேன்போல் இருப்பதையும், அதை எறும்பு நாடுவதையும் அக்காலத்து வைத்தியர்கள் கவனித்தார்கள். அதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. மெலிந்த உடம்புள்ள இளையவர்களுக்கு வருவது ஒருவகை, பருத்த உடம்போடு உழைப்பின்றி இருப்பவர்களுக்கு வருவது வேறுவகை என்று அவர்கள் பிரித்துப் பார்த்தார்கள். இரண்டாம் வகைக்கு வாற்கோதுமை உணவும் நெடுந்தூர நடையும் சொன்னார்கள். ஐரோப்பிய விஞ்ஞானம் இந்த இரு வகைகளையும் தெளிவாகப் பிரித்துக் காட்டியது 1936இல்தான்.

ஐரோப்பாவில் 17ஆம் நூற்றாண்டில் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் நோயாளியின் சிறுநீரைச் சுவைத்துப் பார்த்து, தேனும் சர்க்கரையும் கலந்ததுபோல் இருக்கிறது என்று எழுதினார். முகம் சுளிக்கவேண்டாம், அன்றைய மருத்துவருக்கு நாக்கைவிட்டால் வேறு கருவி இல்லை. 1776இல் லிவர்பூல் நகரத்து மருத்துவர் மேத்யூ டாப்சன், நோயாளியின் சிறுநீரைக் காய்ச்சி வற்றவைத்தார். அடியில் சர்க்கரை தங்கிற்று. நோயாளியின் இரத்தநீரும் இனிப்பாக இருப்பதை அவர் கண்டார். இது பெரிய செய்தி. சிறுநீரகத்தில் ஏதோ கோளாறு என்றுதான் அதுவரை நினைத்திருந்தார்கள். சர்க்கரை இரத்தத்திலேயே மிகுந்து, பிறகு சிறுநீரில் வழிகிறது என்பது அப்போதுதான் புலப்படத் தொடங்கிற்று.

அடுத்து உணவுக்கு வருவோம். 1797இல் ஜான் ரோலோ என்ற இராணுவ மருத்துவர், பருத்த உடம்புடைய மெரிடித் என்ற படைத்தலைவருக்கு ரொட்டி, காய்கறி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு இறைச்சியும் கொழுப்புமாகக் கொடுத்தார். அதுவும் கெட்டுப்போகும் நிலையில் இருந்த கொழுப்பு. மெரிடித்தின் சிறுநீரில் சர்க்கரை குறைந்தது உண்மை. ஆனால் அந்தச் சாப்பாட்டைத் தொடர்ந்து சாப்பிட எத்தனை பேரால் முடியும்? நோயாளிகள் திருட்டுத்தனமாக ரொட்டி தின்றார்கள் என்று மருத்துவர்கள் குறைப்பட்டுக்கொண்டார்கள். குற்றம் நோயாளியிடமா, அப்படி ஒரு பத்தியத்தை விதித்தவரிடமா என்று நமக்குக் கேட்கத் தோன்றுகிறது. சோற்றை அடியோடு நிறுத்தச் சொல்லும் அண்டைவீட்டாருக்கும் இதே கேள்வி பொருந்தும்.

இதற்கு நேர்மாறாக, பாரிஸில் பியோரி என்ற பெயர்பெற்ற மருத்துவர், சிறுநீரில் போகும் சர்க்கரையை ஈடுகட்ட நோயாளிகள் நிறையச் சர்க்கரை சாப்பிடவேண்டும் என்றார். நம் பாட்டி சொன்ன அதே யோசனைதான். படித்த பேராசிரியரும் அதைச் சொல்லியிருக்கிறார் என்பதைப் பாட்டிக்குச் சொன்னால் அவர் மகிழலாம். ஆனால் அதைப் பின்பற்றிய நோயாளிகளின் நிலை மேலும் மோசமாயிற்று.

அதே பாரிஸில் அப்பொலினேர் பூஷார்தா என்று ஒருவர் இருந்தார். நம்முடைய கதையில் முக்கியமான மனிதர் அவர்தான். மருந்தியல் அறிந்தவர், பிடிவாதக்காரர். 1870ஆம் ஆண்டு பிரஷ்ய இராணுவம் பாரிஸ் நகரத்தை முற்றுகையிட்டது. நகருக்குள் உணவு வரத்து நின்றது. ரொட்டியைப் பங்கீடு செய்து கொடுத்தார்கள். மக்கள் கிடைத்ததைத் தின்றார்கள். அந்தப் பஞ்சத்தில் தம்முடைய இனிப்புநீர் நோயாளிகளின் சிறுநீரில் சர்க்கரை குறைவதைப் பூஷார்தா கவனித்தார். மற்றவர் அதைக் கண்டும் காணாமல் போயிருப்பார்கள். அவர் அதிலிருந்து ஒரு முறையையே வகுத்தார்: மாவுப்பண்டத்தைக் குறைக்கவேண்டும், அளவோடு சாப்பிடவேண்டும், பச்சைக் காய்கறிகளைச் சேர்க்கவேண்டும், உடம்பு வியர்க்க உழைக்கவேண்டும். இவற்றோடு இன்னொன்றும் சொன்னார். நோயாளி தம்முடைய சிறுநீரைத் தாமே நாள்தோறும் சோதித்துப் பார்க்கவேண்டும். எந்த உணவு தமக்கு ஒத்துக்கொள்கிறது, எது ஒத்துக்கொள்ளவில்லை என்பதை அதிலிருந்து தெரிந்துகொள்ளவேண்டும் என்றார். மருத்துவரின் கையிலிருந்த சோதனையை நோயாளியின் கைக்கு மாற்றவேண்டும் என்று துணிந்து சொன்னவர் அவர்.

பாரிஸ் முற்றுகை என்றதும் நமக்கு ஜப்பான்காரன் காலம் நினைவுக்கு வரும். 1942 முதல் 1945 வரை மலாயாவில் அரிசி அருகிப்போய், தோட்டத்து மக்கள் மரவள்ளிக்கிழங்கைத் தின்று உயிர் பிழைத்த கதையை நம் தாத்தா பாட்டிகள் சொல்லக் கேட்டிருக்கிறோம். இரண்டு உலகப் போர்களின்போதும் இங்கிலாந்தில் உணவுப் பங்கீடு இருந்தது. அந்த ஆண்டுகளில் அங்கே இனிப்புநீரால் இறந்தவர்களின் தொகை குறைந்தது. ஆனால் பங்கீடு வேறு, பட்டினி வேறு. சயாம் மரண ரயில் பாதையிலும் தோட்டங்களிலும் நம் மக்கள் பட்டது பட்டினி. அதை யாரும் வைத்தியம் என்று எண்ணிவிடக்கூடாது.

பட்டினியை உண்மையாகவே வைத்தியமாகச் செய்துபார்த்த காலமும் ஒன்று இருந்தது. அதற்கு முன்பாக ஒரு செய்தி. 1889இல் ஜெர்மானிய ஆட்சியிலிருந்த ஸ்ட்ராஸ்பர்க் நகரில் மின்கோவ்ஸ்கி, வான் மேரிங் என்ற இருவர் ஒரு நாயின் கணையத்தை அகற்றினார்கள். நாய்க்கு இனிப்புநீர் வந்துவிட்டது. இரைப்பைக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சிறு உறுப்பில் ஏதோ ஒரு சுரப்பு இருக்கிறது, அது இல்லாவிட்டால் சர்க்கரை கட்டுக்கடங்காது என்பது தெரிந்தது. அந்தச் சுரப்பைப் பிரித்தெடுக்க மேலும் முப்பது ஆண்டுக்குமேல் ஆயிற்று. இடைப்பட்ட காலத்தில் அமெரிக்காவில் ஃபிரெடரிக் ஆலன் என்ற மருத்துவர், சிறுநீரில் சர்க்கரை நிற்கும்வரை நோயாளிகளைப் பட்டினி போட்டு, பிறகு மிகக் கொஞ்சமாக உணவு கொடுத்துவந்தார். சில பிள்ளைகள் நோயால் சாகாமல் பசியால் செத்தார்கள். எலிசபெத் ஹியூஸ் என்ற சிறுமி, ஓர் அமைச்சரின் மகள், பதினைந்து வயதை நெருங்கியபோது ஏறக்குறைய 20 கிலோ எடைதான் இருந்தாள். எலும்பும் தோலுமாக அவள் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு வீண்போகவில்லை. 1921இல் கனடாவின் டொரொண்டோ நகரில் பேண்டிங், பெஸ்ட் ஆகியோரின் முயற்சியால் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1922 ஜனவரி 11இல் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. எலிசபெத்துக்கும் அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த ஊசி கிடைத்தது. அவள் எழுபது வயதைத் தாண்டி வாழ்ந்தாள்.

இங்கே நம் மக்களிடையே உள்ள ஓர் அச்சத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். ‘ஊசி போட்டால் கடைசிக் கட்டம்’ என்று தோட்டத்தில் சொல்வார்கள். வரலாறு அதற்கு நேர் எதிராக இருக்கிறது. கடைசிக் கட்டத்தில் கிடந்த பிள்ளைகளை எழுந்து நடக்கவைத்ததுதான் அந்த ஊசி.

லண்டனில் ராபர்ட் லாரன்ஸ் என்ற இளம் மருத்துவர் இருந்தார். அவருக்கே இனிப்புநீர். பிழைக்கமாட்டோம் என்று எண்ணி, கடைசி நாட்களைக் கழிக்க இத்தாலி நாட்டுக்குப் போய்விட்டார். இன்சுலின் வந்துவிட்டது, உடனே திரும்பி வா என்று நண்பரிடமிருந்து செய்தி வந்தது. 1923இல் காரை ஓட்டிக்கொண்டே லண்டனுக்குத் திரும்பினார். பிறகு 45 ஆண்டுகள் வாழ்ந்தார். நோயாளிகள் படித்துத் தெரிந்துகொள்ளும்படி நூல் எழுதினார். எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸும் இனிப்புநீர்க்காரர், அவரும் லாரன்ஸும் சேர்ந்து 1934இல் இங்கிலாந்தில் இனிப்புநீர் நோயாளிகளுக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கினார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து எலியட் ஜாஸ்லினும் இதே வழியில் போனார். உணவு, இன்சுலின், உடற்பயிற்சி ஆகிய மூன்றும் ஒரு தேரை இழுக்கும் மூன்று குதிரைகள், கடிவாளம் நோயாளியின் கையில் இருக்கிறது என்று அவர் கற்பித்தார்.

1936இல் லண்டன் மருத்துவர் ஹிம்ஸ்வர்த் ஒன்றைத் தெளிவாக்கினார். சிலருக்கு இன்சுலின் சுரப்பதே இல்லை. வேறு சிலருக்குச் சுரக்கிறது, ஆனால் உடம்பு அதற்கு இணங்குவதில்லை. இந்த இரண்டாவதுதான் இன்று இரண்டாம் வகை எனப்படுவது. நடுத்தர வயதில் நம் குடும்பங்களில் வருவது பெரும்பாலும் இதுவே. இது ஓசையில்லாமல் வரும் நோய். பல ஆண்டுகள் எந்தத் தொந்தரவும் தராமலேயே கண்ணின் நுண்ணிய இரத்தக்குழாய்களையும், சிறுநீரகத்தையும், கால் நரம்புகளையும் அரித்துக்கொண்டிருக்கும். ‘எனக்கு ஒண்ணும் செய்யலியே’ என்பவருக்கு இதுதான் பதில்.

நம்முடைய தோட்டத்து வரலாற்றையும் இதோடு சேர்த்துப் பார்க்கவேண்டும். ரப்பர் வருவதற்கு முன்பே, 19ஆம் நூற்றாண்டில், நம் மூதாதையர்கள் செபராங் பிறை என்று இப்போது வழங்கும் வெல்லஸ்லி மாகாணத்துக்குக் கரும்புத் தோட்டங்களில் வேலை செய்யக் கொண்டுவரப்பட்டார்கள். கரும்பு வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளிடம் இன்று சர்க்கரை தன் கணக்கைத் தீர்த்துக்கொள்கிறது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் அந்தக் காலத்தில் அவர்கள் சோறுதானே சாப்பிட்டார்கள், அவர்களுக்கு ஏன் இவ்வளவு நோய் இல்லை என்று பலர் கேட்கிறார்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் நடந்து பால் வெட்டி, வாளிகளைத் தோளில் சுமந்து, மாலையில் விறகு பொறுக்கியவர்களின் உடம்பு அந்தச் சோற்றை எரித்துவிட்டது. இன்று வேலை குறைந்தது. மோட்டார் சைக்கிள் வந்தது. பலர் தோட்டத்தை விட்டு வீடமைப்புப் பகுதிகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் போய்விட்டார்கள். சோற்றின் அளவு மட்டும் குறையவில்லை. அதோடு டின்பால் கலந்த தேநீரும், ரொட்டி சானாயும், பாட்டில் பானமும் சேர்ந்துகொண்டன.

இது வெறும் ஊகம் அல்ல. மலேசிய அரசாங்கத்தின் தேசியச் சுகாதார ஆய்வு 1986இல் நடந்தபோது, 35 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 6.3 பேருக்கு இந்நோய் இருந்தது. 2019இல் 18 வயதுக்கு மேற்பட்ட பெரியவர்களிடையே அது 18.3 ஆயிற்று. இந்தியர்களிடையே மட்டும் 31.4, அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவர். நோய் இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. 2023ஆம் ஆண்டு ஆய்வில் நாட்டின் மொத்த விழுக்காடு 15.6 ஆகக் குறைந்திருந்தது. குறைவு நல்லதே, ஆனால் நம்முடைய வீடுகளில் நிம்மதியாக உட்கார்ந்துவிடும் அளவுக்கு அது போதாது. தெற்காசிய மக்களுக்குக் குறைந்த எடையிலேயே வயிற்றில் கொழுப்பு சேர்ந்து இந்நோய் வருகிறது என்று ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. ஆண்களுக்கு இடுப்புச் சுற்றளவு 90 சென்டிமீட்டருக்கும், பெண்களுக்கு 80க்கும் மேற்போகக்கூடாது என்பது அதனால்தான்.

மறுபடி சோதனைக் கருவிகளுக்கு வருவோம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க வேதியியலாளர் ஸ்டான்லி பெனடிக்ட் ஒரு நீலநிறக் கரைசலைச் செய்தார். அதில் 5 மில்லி எடுத்து, எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சவேண்டும். நிறம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்றால் அதிகம். செங்கல் நிறம் வந்துவிட்டால் மிக அதிகம். கண்ணாடிக் குழாயை விளக்கில் பிடித்து நிறம் மாறுவதைப் பார்க்கும் அந்தக் காட்சி பல பத்தாண்டுகள் மருத்துவமனைகளில் வழக்கமாயிருந்தது. தோட்டத்து டிரெசர்களிடம் சிகிச்சை பெற்ற முதியவர்களைக் கேட்டால் இன்னும் சொல்வார்கள். 1940களில் காய்ச்சத் தேவையில்லாத மாத்திரை வந்தது. சிறுநீரில் போட்டால் அதுவே கொதிக்கும். 1956இல் நனைத்துப் பார்க்கும் காகிதப் பட்டை வந்தது.

எல்லாம் வசதிதான். ஆனால் சிறுநீர்ச் சோதனையில் ஒரு பெரிய குறை உண்டு. இரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 10ஐத் தாண்டினால்தான் அது சிறுநீரில் வழியும். நீர்த்தொட்டி நிரம்பி வழிந்த பிறகே தரை நனைவதுபோல. தரை காய்ந்திருக்கிறது என்பதால் தொட்டியில் தண்ணீர் குறைவு என்று சொல்லமுடியுமா? எறும்பு வரவில்லை, ஆகவே நோய் இல்லை என்று நினைப்பவர்கள் இதைக் கருதிப் பார்க்கவேண்டும். எறும்பு வருவது நோய் முற்றிய அடையாளம்.

இரத்தத்தைச் சோதிக்கும் பட்டை 1960களின் நடுவில் வந்தது. அதைப் படிக்கும் மின்கருவி சுமார் 1970இல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்தது. ஒன்றரைக் கிலோ எடை. 650 டாலர் விலை. மருத்துவமனைகளுக்காகச் செய்யப்பட்ட கருவி அது, நோயாளிகளுக்கு விற்கமாட்டார்கள். ரிச்சர்ட் பெர்ன்ஸ்டைன் என்ற பொறியியலாளருக்குப் பன்னிரண்டு வயதிலிருந்து முதல் வகை இனிப்புநீர். நாற்பது வயதாவதற்குள்ளேயே அவருடைய உடம்பு பல வகையில் கெட்டுப்போயிருந்தது. அந்தக் கருவியைப் பற்றி ஒரு விளம்பரத்தில் படித்தார். அவர் மருத்துவர் அல்லர். ஆனால் அவருடைய மனைவி மருத்துவர். மனைவியின் பெயரில் கருவியை வாங்கி, நாளைக்கு ஐந்து முறை தம் இரத்தத்தைத் தாமே சோதித்தார். எதைத் தின்றால் எவ்வளவு ஏறுகிறது என்பதைக் குறித்துவைத்தார். உணவையும் இன்சுலினையும் அதற்கேற்ப மாற்றினார். உடம்பு தேறிற்று. மருத்துவ உலகிடம் இதைச் சொன்னபோது யாரும் காதுகொடுக்கவில்லை. எனவே 45ஆவது வயதில் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து மருத்துவரானார். அவர் வகுத்த உணவுமுறை எல்லாருக்கும் ஏற்றது என்று நாம் சொல்லவில்லை. அதில் மருத்துவர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் பூஷார்தா நூறு ஆண்டுக்கு முன் சொன்னதை இந்த மனிதர் விரல்நுனி இரத்தத்தில் நடத்திக் காட்டினார். 1978இல் இங்கிலாந்து மருத்துவர்களும் நோயாளிகள் வீட்டிலேயே இரத்தத்தைச் சோதிக்க முடியும் என்பதை ஆய்வாக வெளியிட்டார்கள். இன்று அந்தக் கருவி உள்ளங்கையில் அடங்கிவிடுகிறது.

இன்னொரு சோதனையும் இக்காலத்தில் பிறந்தது. ஈரான் நாட்டு விஞ்ஞானி சாமுவேல் ரஹ்பர், இனிப்புநீர் நோயாளிகளின் இரத்தச் சிவப்பணுக்களில் சர்க்கரை ஒட்டிக்கொண்டிருப்பதை 1960களின் இறுதியில் கண்டார். அதை அளந்தால் கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி தெரிந்துவிடும். இதைத்தான் கிளினிக்கில் ஏ1சி என்கிறார்கள். நாளைக்குச் சோதனை என்று இன்றைக்கு மட்டும் பத்தியம் இருந்து மருத்துவரை ஏமாற்றும் பழக்கம் நம்மவர்களிடம் உண்டு. இந்தச் சோதனையிடம் அது பலிக்காது.

கட்டுப்பாட்டால் உண்மையிலேயே பயன் உண்டா என்பதை இங்கிலாந்தில் 1977 முதல் 1997 வரை ஆராய்ந்தார்கள். புதிதாக இரண்டாம் வகை நோய் கண்டவர்கள் 5,102 பேர் அதில் சேர்ந்தார்கள். தொடக்கத்தில் மூன்று மாதம் எல்லாருக்கும் உணவுக் கட்டுப்பாடு மட்டுமே. 1998இல் முடிவு வெளிவந்தது. சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் முதலிய நுண்குழாய்ச் சேதம் நாலில் ஒரு பங்கு குறைந்தது. இரத்த அழுத்தத்தையும் கட்டுப்படுத்தியவர்களுக்கு இன்னும் நன்மை. அந்த ஆய்வு இன்னொன்றும் காட்டியது. ஒழுங்காக இருப்பவர்களுக்கும் ஆண்டுகள் செல்லச்செல்ல கணையம் தளர்ந்து, மருந்து கூடவேண்டி வரும். அப்பா மாத்திரை கூட்டவேண்டி வந்தது என்றால், அவர் வாயைக் கட்டவில்லை என்று பிள்ளைகள் உடனே ஏசவேண்டாம்.

அண்மையில் நடந்த ஓர் ஆய்வைப் பார்த்திருந்தால் பூஷார்தா துள்ளிக் குதித்திருப்பார். ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும், நோய் கண்டு ஆறு ஆண்டுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மாதம் மிகக் குறைந்த, அளந்த உணவு மருத்துவர் பார்வையில் கொடுக்கப்பட்டது. 2017இல் வெளியான முடிவின்படி, ஓராண்டில் நூற்றுக்கு 46 பேருக்கு மாத்திரை இல்லாமலேயே சர்க்கரை நோயற்ற அளவுக்கு இறங்கிற்று. 15 கிலோவுக்குமேல் எடை குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கு இது வாய்த்தது. இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது. எடை திரும்பினால் நோயும் திரும்புகிறது. இதைக் கேட்டுவிட்டு யாரும் தாமாகப் பட்டினி கிடக்கக்கூடாது. மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர் பட்டினி கிடந்தால் சர்க்கரை திடீரென இறங்கி மயங்கி விழலாம்.

பாகற்காயைப் பற்றியும் சொல்லிவிடுவோம். அது நல்ல காய்கறி; தாராளமாகச் சாப்பிடலாம். மருந்துக்கு மாற்றாக அதை நம்பும்படியான சான்று இல்லை. மூலிகையைத்தான் நம்புவோம் என்பவர்களுக்கு ஒரு செய்தி: கிளினிக்கில் கொடுக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையின் வரலாறே ஐரோப்பாவில் இந்நோய்க்குப் பயன்பட்ட ஒரு செடியிலிருந்து தொடங்குகிறது. அச்செடியில் உள்ள பொருளை ஆராய்ந்துபோன வழியில் பிறந்த மருந்தை, 1957இல் பிரெஞ்சு மருத்துவர் ஜான் ஸ்டெர்ன் நோயாளிகளுக்குப் பயன்படுத்தி வெளியிட்டார்.

சரி, புதிதாக நோய் கண்டவர் வீட்டில் என்ன செய்யலாம்? மலேசியச் சுகாதார அமைச்சு ‘சூக்கூ சூக்கூ செப்பாரோ’ என்று ஒரு தட்டைக் காட்டுகிறது. தட்டில் கால்பங்கு சோறு, கால்பங்கு மீன், கோழி, முட்டை, தௌஹூ அல்லது பருப்பு வகை, மீதிப் பாதி காய்கறியும் பழமும். நம் வீட்டுத் தட்டில் இது தலைகீழாக இருப்பதுதான் தொல்லை. முருங்கைக்கீரை, கங்கோங், வெண்டை, புடலை, பயற்றங்காய் எதுவாயினும் சரி. கொல்லையில் கிடைப்பதே போதும்; விலை உயர்ந்த டின் மாவு எதுவும் வாங்கவேண்டியதில்லை. சோற்றுக்குப் பதில் சப்பாத்தி என்று ஆறு ஏழு சப்பாத்தி சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதுவும் மாவுதான்; மரவள்ளியும் மாவுதான். எண்ணிக்கையைப் பார்க்கவேண்டும்.

தேநீர்தான் பெரிய திருடன். இரண்டு மேசைக்கரண்டி டின்பாலில் நான்கைந்து தேக்கரண்டிச் சர்க்கரை அடங்கியிருக்கிறது. காலை, பத்து மணி, மாலை, இரவு என்று நான்கு கோப்பை குடிப்பவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும். சர்க்கரைக்குப் பதில் வெல்லம், கருப்பட்டி, தேன் என்று போவதாலும் பயன் இல்லை. முதல் வாரம் பாதியாகக் குறைத்து, பிறகு மெல்ல நிறுத்தினால் நாக்கு பழகிவிடும்.

வீட்டில் சோதிக்கும் கருவி இருந்தால், நாள்தோறும் குத்திக்கொண்டே இருக்கத் தேவையில்லை. ஊசி போடுபவர்களுக்குத்தான் அடிக்கடி வேண்டும். மற்றவர்கள் வாரத்தில் ஓரிரு நாள், ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு முன்னும், சாப்பிடத் தொடங்கி இரண்டு மணி நேரம் கழித்தும் பார்த்தால் போதும். பொதுவாகச் சாப்பாட்டுக்கு முன் 4.4 முதல் 7.0 வரையும், இரண்டு மணி நேரத்துக்குப் பின் 8.5க்கு உட்பட்டும் இருப்பது நலம். வயதுக்கும் உடல்நிலைக்கும் ஏற்ப மருத்துவர் வேறு அளவு சொன்னால் அதையே கொள்ளவேண்டும். நாசி லெமாக் சாப்பிட்டபோது எவ்வளவு ஏறிற்று, இரண்டு தோசையும் சாம்பாரும் சாப்பிட்டபோது எவ்வளவு, சாப்பிட்டுவிட்டு அரைமணி நேரம் நடந்தபோது எவ்வளவு என்று பிள்ளையின் பழைய பள்ளிக்கூட நோட்டில் தேதியோடு எழுதிவைக்கவேண்டும். எழுதப்படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பேரப்பிள்ளை எழுதிக்கொடுக்கலாம். அந்த நோட்டைக் கிளினிக்குக்குக் கையோடு கொண்டுபோனால் மருத்துவருக்குப் பாதி வேலை குறையும்.

கருவி 4க்குக் கீழே காட்டினாலோ, கை நடுங்கி வியர்த்துக் கொட்டினாலோ, உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து குடித்து, பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பார்க்கவேண்டும். அந்த நேரத்தில் மட்டும் சர்க்கரைதான் மருந்து. ஒவ்வோர் இரவும் பாதத்தை, விரலிடுக்கு உட்பட, பார்ப்பதும் சோதனையில் சேர்ந்ததே. உணர்ச்சி மரத்த காலில் முள் தைத்தாலும் தெரியாது. செருப்பில்லாமல் மரக்காட்டிலும் செம்பனைக் காட்டிலும் நடப்பவர்கள் இதை விளையாட்டாகக் கொள்ளக்கூடாது.

குத்துமுன் கையைச் சோப்பிட்டுக் கழுவித் துடைக்கவேண்டும். வாழைப்பழம் உரித்த விரலில் ஒட்டியிருக்கும் இனிப்பே போதும், கருவி பொய்க்கணக்குக் காட்டிவிடும். விரலின் நடுவில் குத்தாமல் பக்கவாட்டில் குத்தினால் வலி குறைவு. பட்டை டப்பாவை அடுப்பருகிலோ வெயில்படும் ஜன்னலிலோ வைக்காமல் இறுக மூடி, திறந்த தேதியை அதன் மேலேயே எழுதிவைத்துவிடவேண்டும்.